எங்கே என்பதும் எதற்கு என்பதும்: நிரல்மொழி ஆவணங்களில் மாட்டேறு

நிரல்மொழி ஒன்றின் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகப் படிப்பவர் மிகச் சிலரே. பெரும்பாலானோர் ஒரு செயற்கூறின் பெயரைத் தேடி நடுவில் ஓரிடத்தில் நுழைந்து, அங்கே புரியாத ஒரு சொல்லைக் கண்டு வேறோரிடத்துக்குச் சென்று, அங்கிருந்து மூன்றாம் இடத்துக்குத் தாவி, வேண்டியது கிடைத்ததும் வெளியேறுகிறார்கள். இப்படித் தாவிப் படிப்பவருக்கு ஆவணத்தின் உடல் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதோ அதே அளவுக்கு, ஓரிடத்தை இன்னோரிடத்தோடு பிணைக்கும் இணைப்புகளின் தரமும் முக்கியமாகிறது. ஒரு விதியைத் திரும்பவும் எழுதாமல், அது முன்னரே எழுதப்பட்ட இடத்தை நோக்கிப் படிப்பவரைச் செலுத்துவதைத் தமிழ் உரையாசிரியர்கள் மாட்டேறு என்றும், அப்படிச் செய்வதை மாட்டெறிதல் என்றும் வழங்கினார்கள். கணினி ஆவணங்களில் வரும் இத்தகைய இணைப்புகளுக்கும் அந்தச் சொல்லையே இக்கட்டுரை கையாளுகிறது.

மாட்டேறு ஒன்றில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கவேண்டும்: செல்லவேண்டிய இடம் எது என்பது ஒன்று, அங்கே எதற்காகச் செல்லவேண்டும் என்பது மற்றொன்று. கடந்த இருபதாண்டுகளில் ஆவணக் கருவிகள் முதலாவதை வெகுவாகச் சீர்செய்துவிட்டன. இரண்டாவது இன்னும் எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது; பல ஆவணங்களில் அது எழுதப்படாமலே விடப்படுகிறது. இந்தக் குறையை விளங்கிக்கொள்வதற்கும் நீக்குவதற்கும், வாய்மொழியாகவும் ஓலையிலும் பெருந்தொகை நூல்களைப் பிணைத்துக் கற்பித்த தமிழகத்து மரபு பயன்படும். அந்த மரபுக்குள் நுழையத் திருப்புட்குழி நல்ல வாசலாக அமைகிறது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாலுச்செட்டிசத்திரத்துக்கு அருகில் அமைந்த இவ்வூர், விஜயராகவப் பெருமாள் கோயிலால் அறியப்படுவது. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது தலபுராணம். இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது இவ்வூரில் என்பது மரபுச் செய்தி. வேதாந்த தேசிகரின் பரமார்த்தஸ்துதி இவ்வூர்ப் பெருமாளைப் பாடியது. ஆனால் இவ்வூரைப் பற்றிய ஆழ்வார் பாசுரம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கும் ஒருவர் உடனே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்வார். திருப்புட்குழிக்கெனத் தனிப் பதிகம் எதுவும் இல்லை. திருமங்கையாழ்வார் கடற்கரையூரான திருவிடவெந்தையைப் பாடும் பதிகத்தில், மகளின் நிலையைத் தாய் எடுத்துரைக்கும் இடத்தில், அந்தப் பெண் வாயால் பாடும் ஊர்களில் ஒன்றாகப் புட்குழி வருகிறது. பெரிய திருமடலின் நெடிய ஊர் வரிசையில் இன்னொரு முறை வருகிறது. பதிகத்தின் தலைப்பை மட்டும் பார்த்துத் தேடுபவருக்கு முதலாவது இடம் ஒருபோதும் கிடைக்காது. திருவிடவெந்தையின் பக்கத்துக்குள் திருப்புட்குழி ஒளிந்திருக்கிறது. திருப்பதிவாரியாகப் பாசுரங்களைத் தொகுத்த பட்டியல்களே அதை வெளியே கொண்டுவருகின்றன.

அந்தப் பட்டியல்கள் பாசுரத்தைக் குறிக்கும் முறையைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. வைணவ நூல்கள் அதைப் பெரிய திருமொழி 2.7.8 என்று குறிக்கின்றன. அதாவது இரண்டாம் பத்தில் ஏழாம் திருமொழியில் எட்டாம் பாட்டு. அச்சுப் பதிப்புகள் பலவற்றில் இதற்கு இன்னொரு முகவரியும் உண்டு: ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரத்தையும் முதலிலிருந்து தொடர்ச்சியாக எண்ணிவந்தால் இது 1115ஆம் பாசுரம். இரண்டு முகவரிகளும் ஒன்றுபோலவே பயன்படும் என்று தோன்றலாம், பயன்படுவதில்லை. சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் ஒவ்வொரு பாட்டாக மட்டும் எண்ணிக்கொண்டு போனால் திருவாய்மொழியின் முதற்பாட்டுக்குக் கிடைக்கும் தொடர் எண் 2675. மடல்களைக் கண்ணிகளாகப் பகுத்து, மொத்தம் நாலாயிரம் நிறையும்படி எண்ணுகிற பதிப்பில் அதே பாட்டுக்கு 2899 என்ற எண் கிடைக்கும். மடல்களை எத்தனையாகப் பகுப்பது, இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாட்டுகளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஆசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. எங்கோ முன்னால் நேர்ந்த அந்த வேறுபாட்டின் விளைவு, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஆயிரத்து நூற்றிரண்டு பாட்டுகளின் முகவரியையும் பெயர்த்துவிடுகிறது. திருவாய்மொழி 1.1.1 என்ற மூன்றடுக்கு முகவரியோ எந்தப் பதிப்பிலும் அசைவதில்லை.

பிரம்மசூத்திரத்திலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. சங்கரர் உரைப்படி அதில் 555 சூத்திரங்கள். இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யம் 545 எனக் கொள்கிறது. ஒரே மூலத்தை எங்கே வெட்டுவது என்பதில் உரையாசிரியர் மாறுபடுவதால், அத்தியாயம், பாதம், சூத்திரம் என்ற அடுக்கு முகவரிகூட எந்த உரையின்படி என்று சொல்லப்படாவிட்டால் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அடுக்கு முகவரி தொடர் எண்ணைக் காட்டிலும் உறுதியானதுதான். ஆயினும் எண் எதுவாயினும் அது ஓர் எண்ணும் முறையைச் சார்ந்தே நிற்கிறது.

நிரல்மொழி உலகம் இதே பாடத்தைத் தன் வழியில் கற்றது. சி++ மொழியின் தரநூல் திருத்திய பதிப்பாக வெளிவரும் ஒவ்வொரு முறையும் பகுதிகளின் எண்கள் இடம் பெயர்கின்றன. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணோடு, சதுர அடைப்புக்குள் ஒரு குறும்பெயரும் தரப்படுகிறது. பொருள்களின் வாழ்நாளைச் சொல்லும் பகுதிக்கு 'பேசிக்.லைஃப்' என்பது பெயர். அம்மொழியில் ஆழ்ந்தவர்கள் தமக்குள் உரையாடும்போதும் பிழைகளைப் பதியும்போதும் எண்ணைச் சொல்வதைக் காட்டிலும் அந்தப் பெயரைச் சொல்வதையே விரும்புகிறார்கள்.

தமிழில் எழுதப்படும் கணினி ஆவணங்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் கூர்மையாகப் பொருந்துகிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி, இன்று பல மொழிகளின் ஆவணங்களுக்கும் பயன்படுகிறது. அது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. தலைப்பில் உள்ள ஆங்கில எழுத்துகளை எடுத்து, இடைவெளிகளைச் சிறுகோடாக்கி, அதையே முகவரியாக்குவது அதன் வழக்கம். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் எடுப்பதற்கு எழுத்து எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போது கருவி 'ஐடி1', 'ஐடி2', 'ஐடி3' என்று வரிசையாக எண்ணிட்டுவிடுகிறது. 'சரங்கள்', 'பட்டியல்கள்', 'கோப்புகள்' என்று மூன்று தலைப்புகள் கொண்ட ஒரு பக்கத்தில் இரண்டாவதாக 'எண்கள்' என்ற புதிய தலைப்பு ஒன்று சேர்க்கப்பட்டால், அதற்குப் பின்வரும் தலைப்புகளின் முகவரிகள் எல்லாம் ஒவ்வொன்று நகர்ந்துவிடும். வெளியிலிருந்து 'பட்டியல்கள்' பகுதிக்கு இணைப்புக் கொடுத்திருந்தவரின் வாசகர் இப்போது 'எண்கள்' பகுதியில் போய் இறங்குவார்; பிழைச்செய்தி எதுவும் வராது. முறிந்த இணைப்பாவது தான் முறிந்ததைக் காட்டிக்கொடுக்கும். இடம் மாறிய இணைப்போ சரியாக இருப்பதுபோன்றே தோன்றும். மடல்களின் கணக்கு திருவாய்மொழியின் எண்ணைப் பெயர்த்ததும் இதுவும் ஒரே வகைக் கோளாறு. தீர்வு எளியது: ஒவ்வொரு தலைப்பின் மேலும், அந்தக் கருவி படிக்கக்கூடிய எழுத்தில், மாறாத பெயர் ஒன்றை எழுதுபவரே இட்டுவிடவேண்டும். தமிழ் ஆவணங்களைத் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே செய்யவேண்டிய வேலை இது. ஆயிரம் பக்கம் சேர்ந்தபிறகு செய்வது பெருந்துன்பம்.

முகவரி நிலைபெற்றபின் அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று சோதிப்பதைக் கருவிகளே ஏற்றுக்கொண்டன. ரஸ்ட் மொழியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அம்மொழியின் ஆவணங்களில் ஒரு வகையைக் குறிப்பிடவேண்டுமானால், அது எந்த அடைவில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பாதையை எழுதுபவர் முன்பு கையால் எழுதவேண்டியிருந்தது. ஒரே வகை வேறொரு தொகுப்பின் வழியாகவும் மறுபடி வெளியிடப்படும்போது அந்தப் பாதை பொய்யாகிவிடும். 2020 நவம்பரில் வந்த 1.48ஆம் பதிப்பிலிருந்து, நிரலில் எழுதுவதுபோலவே ஆவணத்திலும் பெயரை அடைப்புக்குள் எழுதினால் போதும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கருவியே கண்டறியும், இல்லாத பெயரானால் எச்சரிக்கும். கோ மொழி 2022 ஆகஸ்டில் 1.19ஆம் பதிப்பில் இதையொத்த வசதியைச் சேர்த்தது. ஸ்ஃபிங்ஸிலும் கடுமையான சோதனைமுறை ஒன்றை இயக்கினால் தீர்க்கப்படாத ஒவ்வொரு பெயரையும் அது சுட்டிக்காட்டும். இவை பெரிய முன்னேற்றங்கள். இவற்றைப் பயன்படுத்தாமல் இன்றும் கையால் பாதை எழுதும் திட்டங்கள் தம் வாசகருக்குத் தீங்கு செய்கின்றன. ஆயினும் இச்சோதனைகள் அனைத்தும் இலக்கு இருக்கிறதா என்று மட்டுமே கேட்கின்றன. இலக்கில் வாசகர் தேடிவந்த விடை இருக்கிறதா என்று எந்தக் கருவியும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் தொல்காப்பியத்தின் உரைமரபு கைகொடுக்கிறது. எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், உயிரெழுத்தில் முடியும் சொற்கள் வல்லெழுத்தில் தொடங்கும் சொற்களோடு புணரும் முறையைச் சொல்வது. அகர ஈற்றுக்கு விதியை விரித்துச் சொன்ன ஆசிரியர், ஆகார ஈறு அகர ஈற்றின் இயல்பினது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். பின்னர் ஊகார ஈறு வரும்போது அது ஆகாரத்தின் இயல்பினது என்கிறார். ஏகார ஈறு ஊகாரத்தின் இயல்பினது என்கிறார். ஓகார ஈறு ஏகாரத்தின் இயல்பினது என்கிறார். ஓகார ஈற்றுக்கு விதி தேடும் மாணவர் ஏகாரத்துக்கும், அங்கிருந்து ஊகாரத்துக்கும், பின் ஆகாரத்துக்கும், கடைசியில் அகரத்துக்குமாக நான்கு முறை பின்னோக்கிச் செல்லவேண்டும். நூற்பா சுருங்க இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தில் நூலாசிரியர் இதைச் செய்தார். நூல் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கும் மாணவருக்கு அது துன்பமாகவும் இருந்திராது.

உரையாசிரியர்கள் இந்தச் சங்கிலியை அப்படியே விட்டுவைக்கவில்லை. இளம்பூரணர் முதலானோர் இத்தகைய நூற்பா ஒவ்வொன்றின் கீழும், இது இன்னதற்கு மாட்டெறிந்தது என்று சொல்வதோடு நிறுத்தாமல், மாட்டின் வழியே சென்றால் கிடைக்கும் முடிவையும் அங்கேயே தருகிறார்கள்: வல்லெழுத்து வரும்போது அந்த வல்லெழுத்து மிகும் என்று கூறி, ஆகாரத்துக்குத் தாராக் கடிது என்றும், ஊகாரத்துக்குக் கொண்மூக் கடிது என்றும், ஏகாரத்துக்குச் சேக் கடிது என்றும் எடுத்துக்காட்டும் வைக்கிறார்கள். படிப்பவர் பின்னோக்கிச் செல்லவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. செல்ல விரும்புபவருக்கு வழியும் திறந்தே இருக்கிறது. மாட்டேறு சுருக்கத்துக்காகப் பிறந்தது என்றாலும், அதைப் படிப்பவருக்கு உதவும்படி ஆக்கியவர்கள் உரையாசிரியர்களே.

பைத்தான் ஆவணத்தில் இதற்கு நேரான இடம் ஒன்று உண்டு. வேறொரு நிரலை இயக்குவதற்கான சப்ப்ராசஸ் என்ற தொகுதியில் ரன் என்ற செயற்கூறு பெரிதும் பயன்படுவது. அதன் முழு அமைப்பும் ஏறத்தாழ போப்பன் என்ற வகையின் அமைப்பே என்று அங்கே சொல்லப்படுகிறது. இது அப்பட்டமான மாட்டேறு. இயக்கப்படும் நிரல் எந்த அடைவில் தொடங்கவேண்டும் என்பதைச் சொல்லும் 'சிடபிள்யூடி' என்ற உள்ளீட்டின் பெயர் ரன்னின் தலைவரியிலேயே கண்ணில் படுகிறது. அதன் விளக்கமோ கீழே வெகுதூரத்தில் போப்பன் பகுதியில் இருக்கிறது. அந்த நீண்ட பகுதியின் தொடக்கத்தில் இறங்கும் தொடக்கநிலை வாசகர், தனக்கு வேண்டிய ஒரு வரிக்காகப் பல உள்ளீடுகளின் விளக்கங்களைக் கடந்து செல்லவேண்டும். நிரல் தொடங்குமுன் அந்த அடைவுக்கு மாற்றப்படும் என்ற ஒரே வரி ரன்னின் கீழேயே இருந்து, மேல்விவரத்துக்குப் போப்பனில் அந்த உள்ளீடு விளக்கப்படும் இடத்துக்கே இணைப்பும் இருந்திருந்தால் இளம்பூரணர் செய்த உதவி கிடைத்திருக்கும். ஜாவா மொழியின் ஆவணக் கருவியில், மேல்வகையில் எழுதப்பட்ட விளக்கத்தைக் கீழ்வகையின் பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் குறி நெடுங்காலமாக உண்டு. அது நல்ல கருவிதான். ஆனால் அது விளக்கம் முழுவதையும் கொண்டுவருகிறது, உரையாசிரியரோ தேவையான முடிவை மட்டும் கொண்டுவந்தார். அந்தத் தேர்வு மனிதர் செய்யவேண்டியது.

தமிழ் இலக்கணம் மாட்டேற்றின் திசைகளையும் பெயரிட்டு வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளில், பின்னர் சொல்லப்போவதாக அறிவிப்பது மொழிவாம் என்றல். முன்னர் சொல்லப்பட்டதை நினைவூட்டுவது கூறிற்று என்றல். நூற்பாக்கள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பை நன்னூல் நான்காகக் காட்டும்: இடையறாது செல்வது ஆற்றொழுக்கு, முன்னும் பின்னும் நோக்குவது அரிமா நோக்கு, இடையில் சிலவற்றைத் தாண்டிச் சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து, தொலைவிலிருந்து வந்து வேண்டிய பொருளை மட்டும் முடித்துச் செல்வது பருந்தின் வீழ்வு. இன்றைய ஆவணங்களில் எல்லா இணைப்புகளும் ஒரே நிறத்தில் ஒரே அடிக்கோட்டோடு நிற்கின்றன. அடுத்துப் படிக்கவேண்டியது எது, அடிப்படையாக முன்னரே அறிந்திருக்கவேண்டியது எது, ஒரு நுணுக்கத்துக்காக மட்டும் எட்டிப் பார்த்துத் திரும்பவேண்டியது எது என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிப்படையை அறியாத வாசகர் அதைத் தாண்டிச் செல்வதும், நுணுக்கத்தில் நுழைந்த வாசகர் திரும்பாமல் போவதும் இதனால் நேர்கின்றன.

இணைப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது இதற்கு மருந்தாகாது. காமன் லிஸ்ப் மொழியின் தரநூலைக் கென்ட் பிட்மன் 1996இல் இணையத்துக்கேற்ப ஹைப்பர்ஸ்பெக் என்ற பெயரில் அமைத்தபோது அதில் ஏறத்தாழ 1,05,000 இணைப்புகள் இருந்தன. கலைச்சொல் ஒவ்வொன்றும் அதன் வரையறைக்கு இட்டுச்செல்லும் அந்த ஆக்கம் வியப்புக்குரியது, துறைவல்லுநருக்குப் பேருதவியானது. ஆனால் ஒரு வாக்கியத்தில் பாதிச்சொற்கள் இணைப்பாகும்போது, அவற்றில் எதைத் தொடவேண்டும் என்ற கேள்விக்குப் புதியவருக்கு விடை கிடைப்பதில்லை.

வேதாந்தக் கல்வி இந்தக் கேள்வியைத் தனித்த ஓர் அங்கமாகவே எடுத்துக்கொண்டது. பிரம்மசூத்திரத்தின் உரைகளில் ஒவ்வொரு அதிகரணமும், அதாவது ஒரு பொருளை ஆராய்ந்து முடிவு காணும் ஒவ்வொரு பகுதியும், முன்னதன் பின் ஏன் வந்தது என்பது சங்கதி என்ற பெயரில் எடுத்துரைக்கப்படும். ஆராயப்படும் பொருள், ஐயம், எதிர்த்தரப்பு, முடிவு ஆகியவற்றோடு சங்கதியும் ஓர் உறுப்பாக எண்ணப்பட்டது. வைணவ ஆசாரியர்கள் ஆழ்வார் பாசுரங்களுக்கு மணிப்பிரவாள நடையில் உரை எழுதியபோது இதே கடமையை அவதாரிகை என்ற முன்னுரையாக வளர்த்தார்கள். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படியில், பதிகந்தோறும் அவதாரிகை நீளமாக வருகிறது; முன் பதிகத்தில் ஆழ்வார் எந்த நிலையில் இருந்தார், அது எப்படி மாறியது, அதனால் இந்தப் பதிகம் ஏன் பிறந்தது என்று அது தொடர்பை நிறுவுகிறது. பாட்டுக்குப் பாட்டும் சுருக்கமான அவதாரிகை உண்டு. ஆயிரத்து நூற்றிரண்டு பாட்டுகளுக்கும் இப்படி ஒரு காரணம் எழுதியிருப்பது, தொடர்பு என்பது தானே விளங்கும் என்று அவர்கள் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது.

பைத்தானில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் என்ற செயற்கூறின் விளக்கம் இந்தக் கண்ணோடு படிக்கத்தக்கது. அங்கே கோப்புகளைக் கையாளும் பிற தொகுதிகளையும் பார்க்கச் சொல்லி ஆறு பெயர்கள் தரப்படுகின்றன: ஃபைல்இன்புட், ஐஓ, ஓஎஸ், ஓஎஸ்.பாத், டெம்ப்ஃபைல், ஷட்டில். இவற்றில் ஐஓவுக்கு மட்டும், ஓப்பன் அறிவிக்கப்பட்டிருப்பது அதில்தான் என்ற காரணம் அடைப்புக்குறிக்குள் தரப்பட்டிருக்கிறது. மற்ற ஐந்தும் வெறும் பெயர்கள். அவை வெவ்வேறு தேவைக்கானவை. எடுத்துக்காட்டாக, பல கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிவரியாகப் படிக்கவேண்டியவருக்கு ஃபைல்இன்புட், கோப்பின் பெயரையும் பாதையையும் பிரிக்கவும் சேர்க்கவும் வேண்டியவருக்கு ஓஎஸ்.பாத்; வேலை முடிந்ததும் அழிந்துபோகும் தற்காலிகக் கோப்பு வேண்டியவருக்கு டெம்ப்ஃபைல்; கோப்பைப் படியெடுக்கவோ இடம் மாற்றவோ வேண்டியவருக்கு ஷட்டில். இவற்றை ஏற்கெனவே அறிந்தவருக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை. அறியாதவருக்கோ எதைத் தொடுவது என்று தெரிய வழியில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நான்கைந்து சொற்களில் ஓர் அவதாரிகை எழுதியிருந்தால் அந்த வரி பல்லாயிரம் பேரின் வேலையைக் குறைத்திருக்கும். பைத்தான் ஆவணங்கள் உலகில் மிக நன்றாகப் பேணப்படுபவற்றில் சேர்ந்தவை. அவற்றிலேயே இந்தக் குறை இருக்கும்போது, சிறு குழுக்கள் எழுதும் ஆவணங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். முகவரி பிழையானால் கருவி எச்சரிக்கும், காரணம் இல்லாமல் போனால் யாரும் எச்சரிக்கமாட்டார்கள் என்பதே இந்த நிலைக்கு முதற்காரணம்.

ஈட்டின் வரலாற்றில் இன்னொரு கட்டமும் கவனிக்கத்தக்கது. நம்பிள்ளை தம் உரையில் வேதம், இராமாயணம், விஷ்ணு புராணம், கீதை, பிற ஆழ்வார்களின் பாசுரங்கள் ஆகியவற்றிலிருந்து மேற்கோள்களை ஓயாமல் எடுத்தாளுகிறார். பல இடங்களில் மேற்கோளின் தொடக்கச் சொற்களை மட்டும் சொல்லி மேலே செல்கிறார். எதிரில் அமர்ந்து கேட்டவர்களுக்கு அது போதும். மூல நூல் அவர்கள் நினைவிலேயே இருந்தது. தலைமுறைகள் மாறியபோது அந்த நினைவு எல்லோரிடமும் எஞ்சவில்லை. உரை இருந்தது, அது சுட்டிய இடங்கள் எவை என்று அறிவது அரிதாயிற்று. மணவாள மாமுனிகள் (1370–1443) ஈட்டில் வரும் மேற்கோள்களின் மூலங்களைத் தேடித் தொகுத்துப் பிரமாணத் திரட்டாக அமைத்தார். உரையில் கைவைக்காமல், உரையின் இணைப்புகளை மட்டும் தனி நூலாகப் பேணிய பணி அது. புதிய கருத்து எதையும் சொல்லாத இத்தகைய உழைப்பை ஆசாரியர் ஒருவர் தம் தகுதிக்குக் குறைவானதாகக் கருதவில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஸ்ஃபிங்ஸ் தயாரிக்கும் ஒவ்வொரு ஆவணத்தோடும் இதையொத்த பட்டியல் ஒன்று பிறக்கிறது. அந்த ஆவணத்தில் விளக்கப்பட்டிருக்கும் செயற்கூறு, வகை, தொகுதி ஒவ்வொன்றின் பெயரும் அதன் முகவரியும் அதில் பதிவாகின்றன. வேறொரு திட்டத்தின் ஆவணம் அந்தப் பட்டியலைப் பெற்றுக்கொண்டு, பெயரை மட்டும் எழுதி முகவரியைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. நூலகம் தன் பக்கங்களை மாற்றியமைத்தாலும், அதைச் சுட்டும் ஆவணம் அடுத்த முறை உருவாக்கப்படும்போது புதிய முகவரி வந்துசேரும். திரட்டு செய்த வேலையில் ஒரு பாதியை இப்படி இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மறுபாதி, அதாவது பழைய பதிப்பைச் சுட்டிய இணைப்பு புதிய பதிப்பிலும் அதே பொருளைத்தான் சொல்கிறதா என்று படித்துப் பார்ப்பது, மாமுனிகள் செய்ததுபோல் மூலத்தையும் உரையையும் அருகருகே வைத்துக்கொண்டு மனிதர் செய்யவேண்டியதாகவே இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர் நிரலைச் சோதிக்க ஆள் ஒதுக்கும் திட்டங்கள், இதற்கும் ஒருவரை ஒதுக்கவேண்டும். அவர் பெயரும் நிரல் எழுதியவர்களின் பெயரோடு சேர்ந்து வரவேண்டும்.

தமிழில் இந்தப் பணியைச் செய்வோர்க்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் 'பதிப்பி', 'நிரல்பாகம்', 'பின்கொடு' என்று குறிச்சொற்களே தமிழில் இருக்கின்றன. பிற மொழிகளைத் தமிழில் விளக்கும் நூல்களிலும் சரம், பட்டியல், கோப்பு, செயற்கூறு போன்ற கலைச்சொற்கள் நிலைபெற்றுவிட்டன. ஆனால் கலைச்சொல்லை அதன் வரையறையோடு பிணைக்கும் கருவிகள், எழுதப்பட்ட சொல்லும் அகராதியில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. ஆங்கிலத்தில் பன்மை வரும்போது மட்டும் பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பு தவறும். தமிழில் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியத்திலும் தவறும்: சரம் என்ற சொல் சரத்தை, சரத்தின், சரங்களில் என்று திரிகிறது, அதன்பின் வல்லெழுத்து வந்தால் சரத்தைப் பிரி என்று ஒற்றும் மிகுகிறது. தொல்காப்பியம் மாட்டெறிந்து சொன்ன அதே புணர்ச்சி, இன்று மாட்டேற்றையே முறித்துவிடுகிறது. சொல்லின் முற்பகுதியை மட்டும் ஒப்பிடலாம் என்றால், சரம், சரி, சரிவு எல்லாம் ஒரே தொடக்கத்தில் வந்து விழும்.

இப்போதைக்குக் கிடைக்கும் நம்பகமான வழி, வாக்கியத்தில் தெரியவேண்டிய வடிவத்தையும் அகராதியில் உள்ள வடிவத்தையும் தனித்தனியே எழுதுவது. ஸ்ஃபிங்ஸும் ரஸ்டின் கருவியும் இதற்கு இடம் தருகின்றன. எழுதும் வேலை ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதைக் குறைக்க, தமிழ்ச் சொல்லின் வேற்றுமை உருபையும் மிகுந்த ஒற்றையும் களைந்து அடிச்சொல்லைக் காணும் சிறு நிரல் ஒன்றை ஆவணக் கருவியோடு பிணைக்கலாம். கலைச்சொற்களின் பட்டியல் சில நூறு சொற்களுக்குள் அடங்குவதாலும், அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களாக இருப்பதாலும், பொதுவான தமிழ் உரைக்கு அடிச்சொல் காண்பதைக் காட்டிலும் இது எளிய வேலை. அம் ஈற்றுச் சொற்கள் அத்துச் சாரியை பெறுவது, குற்றியலுகரச் சொற்களின் உகரம் கெடுவது, ஆறு போன்ற சொற்களில் ஒற்று இரட்டிப்பது, கள் விகுதியும் வேற்றுமை உருபுகளும் சேர்வது ஆகிய விதிகளை எழுதினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். விதிகள் அனைத்தும் பள்ளி இலக்கண நூலிலேயே இருக்கின்றன. எஞ்சும் சில சொற்களுக்கு, கருவி தான் கண்ட அடிச்சொல்லை எழுதுபவரிடம் காட்டி ஒப்புதல் கேட்கும்படி அமைக்கலாம். அப்படிக் கேட்கும் அதே நேரத்தில், அந்த இணைப்பு எதற்காக என்ற நான்கைந்து சொற்களையும் எழுதச்சொல்லிக் கேட்கலாம். காரணம் எழுதப்படாத இணைப்புகளைத் தனிப் பட்டியலாக வெளியீட்டுக்கு முன்னர் நீட்டலாம். காரணம் சரியா என்று கருவியால் தீர்ப்புச் சொல்ல இயலாது. காரணம் எழுதப்பட்டதா என்று அது கேட்க இயலும்.